விற்றுவிடு என்றொரு பொத்தான்

"இதுல டியூ கட்டற எடம் எங்கடா?"

என் லேப்டாப் திரையை எட்டிப் பார்த்துவிட்டு சித்தப்பா கேட்ட கேள்வி இது. காக்களூர் சிட்கோ எஸ்டேட்டில் அவருக்கு ஒரு சின்ன ஷெட். வண்டி உதிரிபாகங்களுக்கு டர்னிங் ஜாப் ஒர்க். ஞாயிற்றுக்கிழமை மதியம், மெஷின்கள் எல்லாம் ஓய்வில் இருக்க, நான் அங்கே உட்கார்ந்து ஒரு விமான நிறுவனத்தை நடத்திக்கொண்டிருந்தேன். தலைமையகம் மீனம்பாக்கம். கையில் ஏ320 மூன்று, கொஞ்சம் லாபம், நிறைய ஆசை.

விமான நிறுவன விளையாட்டுகளை ஆடும் எல்லோருக்கும் ஒரு கட்டம் வரும். கொழும்பு, துபாய், சிங்கப்பூர் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். "போதும்ப்பா, இனி அமெரிக்கா" என்று தோன்றும். அப்போது நெடுந்தூர விமானங்களின் பட்டியலைத் திறப்போம். ஜப்பானின் கோயி நிறுவனம் 1992இல் கொண்டுவந்த ஏரோபிஸ் தொடங்கி, இன்று பிரவுசரிலேயே நிஜ நேரத்தில் ஓடும் ஏர்லைன்சிம் வரை அடிப்படைக் கேள்வி ஒன்றுதான்: எந்த ரூட்டுக்கு எந்த விமானம்? இந்தக் கேள்வியை இவை எவ்வளவு நேர்மையாகக் கேட்கின்றன என்பதுதான் என் சந்தேகம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். தூரம் என்பது தகுதி அல்ல, செலவு. இதை எந்தப் பாடப்புத்தகத்தையும்விட இந்த விளையாட்டுகள் சீக்கிரம் சொல்லிக்கொடுக்கின்றன. புதிதாக ஆட வருகிறவர் கண்ணை மூடிக்கொண்டு போயிங் 777-200எல்ஆரை வாங்குவார். ஏறத்தாழ 15,800 கிலோமீட்டர் நிற்காமல் பறக்கும். அதன் அண்ணன் 777-300ஈஆர் 13,600 கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் இரண்டும் புறப்படும்போது ஏறக்குறைய ஒரே எடை, 350 டன்னுக்குப் பக்கம். ஏர் இந்தியா இவற்றில் வைத்த இருக்கைகளோ 238, 342. கிட்டத்தட்ட அதே கனத்தைத் தூக்கிக்கொண்டு நூறு பேர் குறைவாகப் போகிறோம்.

அதிதூரப் பறத்தலில் இன்னொரு சிக்கலும் உண்டு. எரிபொருளைச் சுமப்பதற்கே எரிபொருள் எரிய வேண்டும். கட்டுச்சோற்று மூட்டையின் கனமே பசியைக் கூட்டுகிற பயணம் மாதிரி. விளையாட்டில் இது ஒரே வாரத்தில் சிவப்பு எண்ணாக முகத்தில் அடிக்கும். அதுவரை மிகச் சரி.

இப்போது நிஜக் கதைக்கு வருவோம். 2005-06இல் ஏர் இந்தியா போயிங்கிடம் 68 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. அதில் 777-200எல்ஆர் எட்டு. 2007 ஆகஸ்டில் மும்பை–நியூயார்க் நிற்காத சேவை இந்த விமானத்தோடு தொடங்கியது. தூரம் சுமார் 12,500 கிலோமீட்டர். எதிர்காற்று, சுமை எல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் இதற்கு 15,800 கிலோமீட்டர் திறன் அவசியமா? பின்னாளில் மும்பையிலிருந்து நியூயார்க்கின் பக்கத்திலுள்ள நுவர்க்குக்கு 300ஈஆரே நிற்காமல் போய்வந்தது. 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. இந்தியன் ஏர்லைன்ஸுடனான இணைப்பின் குழப்பம் வேறு. 2011இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, இவ்வளவு பெரிய கொள்முதல் பெரும்பாலும் கடனை நம்பியே செய்யப்பட்டதைக் கடுமையாக விமர்சித்தது. 2013-14இல் எட்டில் ஐந்து விமானங்கள் எதிஹாத்துக்கு விற்கப்பட்டன.

இதுவரை படித்தால் விளையாட்டு ஜெயித்துவிட்டது போலத் தெரியும். தப்பான விமானம், நஷ்டம், விற்பனை. ஆனால் கதை இங்கே முடியவில்லை. மிச்சமிருந்த மூன்றை வைத்துக்கொண்டுதான் 2015 டிசம்பரில் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ தொடங்கியது. 2021 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு, ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர், பெண் விமானிகள் மட்டுமே ஓட்டிவந்த அந்த முதல் பயணத்தைப் பலரும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே ரகம்தான். 2022இல் நிறுவனம் டாடா கைக்கு வந்தது. அந்த வருடமே 777-200எல்ஆர் ஐந்தைக் குத்தகைக்கு எடுப்பதாக அறிவித்தார்கள். டெல்டா 2020இல் ஓய்வு கொடுத்த விமானங்கள் அவை. விற்றது ஐந்து, வாடகைக்கு எடுத்ததும் ஐந்து.

அப்படியென்றால் அது நல்ல விமானமா, கெட்ட விமானமா? இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. விமானம் மாறவில்லை, காலம்தான் மாறியது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004இல் நான்கு எஞ்சின் ஏ340-500ஐ வைத்து நுவர்க்குக்கு நேராகப் பறந்தது. 181 இருக்கை. 2008இல் அதை நூறு பிசினஸ் இருக்கைகளாகக் குறைத்துப் பார்த்தது. 2013இல் நிறுத்தியது. 2018இல் இரண்டே எஞ்சின் கொண்ட ஏ350-900யுஎல்ஆருடன், 161 இருக்கைகளோடு, அதே ரூட்டுக்குத் திரும்பியது. ஆசை தப்பில்லை, அதற்கேற்ற விமானம் வர 14 வருடம் ஆனது.

என் விமர்சனம் இங்கேதான். இந்த விளையாட்டுகள் விமானத் தேர்வை ஒரு கணக்காக மாற்றுகின்றன. நிஜத்தில் அது ஒரு பந்தயம். கணக்கில் எல்லா எண்களும் முன்னாலேயே இருக்கும். பந்தயத்தில் முக்கியமான எண் இன்னும் பிறந்திருக்காது. வரலாற்றின் நாட்காட்டியைப் பின்பற்றும் விளையாட்டுகளில் இது இன்னும் மோசம். 2008இல் எண்ணெய் ஏறும் என்று நமக்குத் தெரியும், 787 வரப்போவதும் தெரியும். லீக்கான கேள்வித்தாளோடு பரீட்சை எழுதிவிட்டு, 2005இல் முடிவெடுத்தவர்களை முட்டாள்கள் என்கிறோம். அவர்கள் முட்டாள்களாகவே இருந்திருக்கலாம். ஆனால் அதைச் சொல்லும் அருகதை அந்த மார்க் ஷீட்டால் நமக்கு வருவதில்லை.

இதையும் மீறித் தப்பு செய்தால் திரையின் மூலையில் 'விற்றுவிடு' என்றொரு பொத்தான் இருக்கிறது. சித்தப்பா கேட்டது அதைத்தான். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு பெரிய ஆர்டர் வரும் என்ற வாய்ப்பேச்சை நம்பி, தேவைக்கு மேல் பெரிய சிஎன்சி மெஷின் ஒன்றை லோனில் வாங்கினார். ஆர்டர் எட்டே மாதத்தில் நின்றது. மெஷின் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது. டியூ மட்டும் நிற்கவில்லை. விற்றால் என்ன என்று கேட்டேன். "வித்தா கடன்கூட அடையாதுடா. அப்புறம் மெஷினும் இல்ல, கடன் மட்டும் இருக்கும்" என்றார். அந்த மெஷினுக்கென்றே தயாராகியிருந்த இரண்டு பையன்கள் ஒருவர் பின் ஒருவராகக் கும்மிடிப்பூண்டிப் பக்கம் வேலைக்குப் போய்விட்டார்கள்.

விமானத்துக்கும் இது பொருந்தும். 777 ஓட்டுகிறவரை மறுநாள் காலையில் ஏ320இல் உட்கார வைக்க முடியாது. தனிப் பயிற்சி, தனி உரிமம், மாதக்கணக்கில் நேரம். பராமரிப்பவர்களுக்கும் அப்படித்தான். விளையாட்டில் இவர்கள் 'ஊழியர் செலவு' என்ற ஒற்றை வரி. விமானத்தை விற்றதும் அந்த வரி சின்னதாகும். யாரும் எங்கேயும் போவதில்லை.

"கேம்தானே, ஜாலிக்கு ஆடறது" என்று நீங்கள் சொல்லலாம். நியாயம்தான். செய்ததை அழித்துவிட்டு மறுபடி தொடங்கும் சுதந்திரம் இல்லையென்றால் விளையாட்டே இல்லை. நான் கேட்பது தண்டனை அல்ல, கொஞ்சம் மூட்டம். எண்ணெய் விலை எனக்குத் தெரியாமல் இருக்கட்டும். விற்ற பிறகும் கடனின் மிச்சம் என்னோடு வரட்டும். சும்மா நிற்கும் விமானத்தைத் தினமும் நான் பார்க்க நேரட்டும். அப்போது லாபக் கணக்கைத் தாண்டி, எதை நம்பி வாங்கினேன் என்றாவது என்னை நானே கேட்பேன்.

இப்போதைக்கு நானாக ஒரு விதி போட்டுக்கொண்டு ஆடுகிறேன். வாங்கிய விமானத்தைப் பத்து வருடத்துக்கு விற்கக் கூடாது. சென்னை–சான் பிரான்சிஸ்கோவுக்கு ஒரு 200எல்ஆர் வாங்கினேன். மூன்றாவது வருடம், முக்கால்வாசி நாள் பாதி இருக்கை காலி. துபாய் ரூட்டில் சம்பாதிப்பதையெல்லாம் அது தின்கிறது. போன வாரம் காக்களூர் போனபோது சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"இப்பதான் நீ ஆட ஆரம்பிச்சிருக்க" என்றார்.