ஓநாயை நல்லவனாக்கினால் போதுமா?

தேவதைக் கதைகளைச் சிரிப்புச் சித்திரக்கதைகளாக மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தடத்தில் நடக்கிறார்கள். ஓநாய் அப்பாவியாகிறது, இளவரசி வாளெடுக்கிறாள், இளவரசன் அசடு வழிகிறான். 1982இல் வெளிவந்த ரோல்ட் டாலின் கதைப்பாடல்களில் சிவப்புத் தொப்பிச் சிறுமி கைத்துப்பாக்கியை உருவி ஓநாயைச் சுட்டபோது அதில் உண்மையான அதிர்ச்சி இருந்தது. இன்று எந்தக் கதையை எடுத்தாலும் அது தலைகீழாகும் என்று வாசகன் முதல் பக்கத்திலேயே ஊகித்துவிடுகிறான். வெளியே நின்று கதையைக் கேலி செய்யும் நகைச்சுவை விரைவில் வற்றிவிடும். கதையின் சொந்த விதிகளைப் பற்றிக்கொண்டு கடைசிவரை போகும் நகைச்சுவைதான் நிலைக்கும்.

இதற்குச் சித்திரக்கதையைவிடப் பொருத்தமான வடிவம் கிடையாது. நாட்டார் கதைமாந்தர்கள் ஆழமற்ற தட்டை உருவங்கள் என்றும், அந்தத் தட்டைத்தன்மையே அக்கதைகளின் கலை என்றும் சுவிட்சர்லாந்து அறிஞர் மாக்ஸ் லூதி 1947இல் எழுதினார். கிரிம் சகோதரர்களின் ஏழு காக்கைகள் கதையில், கண்ணாடி மலையின் கதவைத் திறக்கச் சிறுமி தன் சுண்டுவிரலை வெட்டிச் சாவியாக்குகிறாள். வலியைப் பற்றி ஒரு சொல் இல்லை. கதவு திறக்கிறது, கதை நகர்கிறது. பாறை விழுந்து நசுங்கியவன் அடுத்த கட்டத்தில் எழுந்து ஓடும் கார்ட்டூன் உலகமும் இதே விதிப்படிதான் இயங்குகிறது. மூன்று முறை நிகழ்ந்து மூன்றாவதில் திரும்பும் கதையின் தாளமும் கட்டம் கட்டமாக நகரும் பக்கத்தில் இயல்பாக உட்காருகிறது.

சொல்லும் படமும் முரண்படும் இடத்தில் இந்த வடிவத்தின் தனி வலிமை வெளிப்படுகிறது. ஜான் ஷெஸ்கா எழுதி லேன் ஸ்மித் வரைந்த மூன்று பன்றிக்குட்டிகளின் மறுகதை (1989) படப்புத்தகம்தான் என்றாலும் சித்திரக்கதைக்காரர்களுக்கு நல்ல பாடம். பாட்டியின் பிறந்தநாள் கேக்குக்குச் சர்க்கரை கடன் கேட்கப் போனேன், சளித் தும்மலில் வீடு விழுந்தது என்று ஓநாய் வாதாடுகிறது. படத்தில் இருக்கும் பர்கரிலோ சிறு விலங்குகளின் காதும் வாலும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஓநாய் ஓநாயாகவே இருக்கிறது. தீர்ப்பு சொல்லும் வேலை குழந்தையின் கைக்கு வருகிறது. அதே இருவர் 1992இல் கொண்டுவந்த தொகுப்பில் அசிங்கமான வாத்துக்குஞ்சு வளர்ந்து அசிங்கமான வாத்தாகவே முடிகிறது. ஒரு கணம் சிரிக்கலாம், அவ்வளவுதான். ஒதுக்கப்பட்ட குஞ்சின் ஏக்கத்தை மூலக்கதையை எழுதிய ஆண்டர்சன் எவ்வளவு கவனமாகக் கட்டினார்! அந்த ஏக்கத்தைத் தொடாமல் முடிவை மட்டும் பிடுங்கி எறிவது சோம்பல் என்றே சொல்வேன்.

மூலத்தைக் காப்பாற்றச் சொல்லும் பழமைவாதம் இது என்று மறுக்கலாம். ஆனால் மாறாத மூலம் என்று ஒன்று இருந்ததே இல்லை. கிரிம் தொகுப்பின் 1812ஆம் ஆண்டுப் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லத் துடிப்பவள் பெற்ற தாய். 1819இல் கிரிம் சகோதரர்களே அவளை மாற்றாந்தாய் ஆக்கினார்கள். பெண்களைக் காத்திருக்க மட்டுமே வைக்கும் கதைகளை மாற்றத்தான் வேண்டும் என்பதும் நியாயமே. ஷேனன் ஹேல், டீன் ஹேல் எழுதி நேதன் ஹேல் வரைந்த ரபன்ஸல் சித்திர நாவல் (2008) அதைச் செய்து காட்டியது. அமெரிக்க மேற்குப் பகுதியை நினைவூட்டும் நிலத்தில் அவள் தன் பின்னலையே சாட்டையாகவும் சுருக்குக் கயிறாகவும் வீசுகிறாள். கையில் வாளைத் திணிக்காமல், கதை அவளுக்கு ஏற்கெனவே கொடுத்திருந்ததையே ஆயுதமாக்கியதால்தான் அந்த மாற்றம் ஒட்டாமல் நிற்கவில்லை.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: பழைய கதையையே அறியாத குழந்தைக்கு மறுகதையின் வேடிக்கை எப்படிப் புரியும்? இதற்கு முழுமையான பதில் இல்லை. கதையறிவை மட்டும் நம்பும் நகைச்சுவை அந்தக் குழந்தையைக் கைவிடத்தான் செய்யும். நல்ல படைப்பாளி கதையின் எலும்புக்கூட்டையாவது தன் கட்டங்களுக்குள் வைத்துவிட வேண்டும். அதற்கு முதலில் அவருக்கே கதை தெரிந்திருக்க வேண்டும். கிரிம் தொகுப்பின் தவளை அரசன் கதையில் முத்தமே கிடையாது. இளவரசி எரிச்சலில் தவளையைச் சுவரில் ஓங்கி அடிக்கிறாள், அது இளவரசனாகிறது. சிரிப்பும் திகைப்பும் அங்கேயே தயாராக இருக்கின்றன. வரையப் புறப்படுகிறவர்கள் டிஸ்னி படங்களை ஒதுக்கிவைத்துவிட்டு அந்தத் தொகுப்பை ஒருமுறை முழுதாகப் படிக்கட்டும்.