முதற் பிரதியும் முந்நூறாவது பிரதியும்

எழுத்தாளன் தானே அச்சிட்டுத் தானே வெளியிடுவதே வணிகப் பத்திரிகைகளுக்கு மாற்று என்ற கருத்து எம்மிடையே வலுப்பெற்று வருகின்றது. கணினி அச்சு வந்தபின் நூறு பிரதிகளையும் அச்சிடலாம். பதிப்பாளரின் வாசலிலே காத்துக்கிடக்க வேண்டியதில்லை. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும், அச்சு கைக்கு வந்தவுடன் வாசகனும் வந்துவிட்டான் என்று கொள்வதற்கில்லை.

எமது வெளியீட்டு விழாக்களை எடுத்துக்கொள்வோம். மங்கள விளக்கேற்றல், வரவேற்புரை, வாழ்த்துரை யாவும் முடிந்தபின் முதற் பிரதியை வர்த்தகப் பிரமுகர் ஒருவர் பெற்றுக்கொள்வார். சிறப்புப் பிரதிகளுக்குப் பெயர் அழைக்கப்படும்போது உறையினுள்ளே பணம் வைத்தவர்கள் வரிசையாக மேடையேறுவர். அச்சுக்கூலி அன்றே தேறிவிடும். முந்நூறு பிரதிகளில் எஞ்சியவை எழுத்தாளரின் கட்டிலுக்கடியிலே கறையானுக்கு இரையாகும். உறை கொடுத்தவர் நூலை விரித்தும் பாரார். (மண்டபத்துக் கதிரையிலேயே அதனை விட்டுச் சென்றோரையும் நாம் கண்டிருக்கின்றோம்.) விளம்பரதாரரை நம்பும் பத்திரிகைக்கும் பிரமுகரை நம்பும் நூலுக்கும் பேதம் யாது? பத்திரிகைக்கு வாசகனாவது வேண்டியிருக்கின்றது.

1966 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்திலே டொமினிக் ஜீவா ‘மல்லிகை’யைத் தொடங்கியபோது அவரிடமிருந்த மூலதனம் என்ன? கஸ்தூரியார் வீதியில் ஒரு சிகையலங்காரக் கடை, சிறுகதையாளர் என்ற பெயர், அவ்வளவே. அத்தொழிலின் பேரால் சாதிமான்கள் காட்டிய இளக்காரத்தையும் அவர் சுமக்க வேண்டியிருந்தது. சஞ்சிகைக் கட்டுடன் வீதி வீதியாகச் சென்று தாமே விற்றார். வாங்கியவர் அடுத்த மாதம் அவரை வழிமறித்து, சென்ற இதழின் கதையைப் பற்றிச் சண்டை பிடிக்கலாம். எந்தப் பெரிய பத்திரிகையின் ஆசிரியரை அவ்வாறு தெருவிலே நிறுத்திக் கேட்க முடியும்? மல்லிகையில் வந்தவை யாவும் தரமானவை என்று நாம் வாதிக்கவில்லை. கொள்கை சரியாயிருந்தமைக்காகவே இடம்பெற்ற நோஞ்சான் கதைகளும் அதிலே உண்டு. அவற்றையும் வாசித்துவிட்டே வாசகர் குறை கூறினர்.

தென்னிந்திய வணிகச் சஞ்சிகைகளே எமது இலக்கியத்தை நசுக்குகின்றன என்று அக்காலத்து முற்போக்காளர் முழங்கினர். 1970இல் பதவியேற்ற கூட்டரசாங்கத்தின் காலத்திலே அவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. ஈழத்து வெளியீடுகள் பெருகின. 1977இன் பின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் அவற்றுட் பல தளர்ந்தன. சுங்கவேலி கட்டி வைத்திருந்த வாசகர்கள் வேலி விழுந்ததும் போயினர். அக்குரலை எழுப்பியோரின் மரபில் வந்த நாம் இதனை ஒப்புக்கொள்ளத் தயங்கக் கூடாது. மல்லிகையோ நின்றது. போர்க்காலத்திலே கொழும்புக்கு இடம்பெயர்ந்து, 2010க்குப் பின்னரும் வெளிவந்தது. 2021இல் ஜீவா காலமானார்.

இன்று தம் கவிதைகளைத் தாமே அச்சிட விரும்பும் இளைஞர் எம்மிடம் வந்து, வெளியீட்டுரைக்கு யாரை அழைக்கலாம் என்று வினவுகின்றனர். முந்நூறு பேரை உமக்குத் தெரியுமா என்று நாம் கேட்கின்றோம். அவர்கள் சிரிக்கின்றனர்.

பாடசாலைகளிலே மாணவர் நடத்திய கையெழுத்துச் சஞ்சிகைக்கு ஒரே பிரதிதான். அது வகுப்பு வகுப்பாகக் கைமாறும். இறுதியிலே சில தாள்கள் வாசகர் கருத்துக்கென வெறுமையாக விடப்பட்டிருக்கும். எமது வகுப்பிலே அவ்வாறு சுற்றி வந்த ஓர் இதழில், மூன்று பக்கக் கதையொன்றுக்கு நான்கு பக்கத்தில் மறுப்பு எழுதப்பட்டிருந்தது. தாள் போதாமையால் அட்டையின் உட்புறத்திலும் எழுதியிருந்தனர்.