சரளி வரிசை கற்ற காது

பல்லடத்தில் விசைத்தறி ஓடும் கொட்டகைக்குள் நின்று பேசிப் பாருங்கள். தொண்டை கிழியக் கத்தினால்தான் பக்கத்துத் தறிக்காரருக்குக் கேட்கும். வருஷக்கணக்கில் கத்தியவர் ஒருவர் வந்து, "தொண்டை கட்டியே கெடக்குதுங்க" என்றால், பேச்சுப் பயிற்சியாளருக்கு முதலில் வேண்டியது நல்ல காது. மூச்சு எந்த இடத்தில் தீர்கிறது, குரல் எங்கே உடைகிறது என்று பிடிக்க வேண்டும்.

அந்தக் காதைத் தீட்டப் பாட்டு வகுப்பு அருமையான இடம். மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை, மூன்று காலம். ஒரே மூச்சில் நீளும் அகாரம். தம்பூராவோடு ஸட்ஜமம் சேரும் நொடி. இதைத் தன் குரலில் உணர்ந்த மாணவி அடுத்தவர் குரலின் பிசிறைச் சட்டென்று கண்டுகொள்வாள். தாடையைத் தளர்த்துவதைச் செய்தே காட்டுவாள்.

பக்கவாதத்தில் பேச்சிழந்த சிலருக்குப் பழகிய பாட்டு மட்டும் வாயில் வரும். அதை வைத்து, சொற்களை ராகம்போல் இழுத்து, இடக்கையால் தாளம் தட்டிப் பேசப் பழக்கும் முறையை 1973இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் எழுதினார்கள். சுருதி நிற்காதவர் இதைச் சொல்லித் தருவது கஷ்டம்.

பேச்சு, கேட்பியல் படிக்கும் பிள்ளைகளே, பக்கத்துப் பாட்டு வாத்தியாரிடமும் சேர்ந்துவிடுங்கள். கச்சேரி வரை போக வேண்டாம். சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் போதும்.