அடுத்த மேனேஜர் யார்?

இந்திய தடகள சம்மேளனத்தின் தலைவராக 2012 முதல் இருந்த அடில் சுமரிவாலா, 2025 ஜனவரியில் விடைபெற்றார். அப்போதிருந்த தேசிய விளையாட்டு விதிகள், 12 ஆண்டுகளுக்கு மேல் அந்த நாற்காலியில் யாரும் தொடர அனுமதிக்கவில்லை. அவருக்குப் பின் வந்திருப்பவர், 2002 புசான் ஆசிய விளையாட்டில் குண்டு எறிதலில் தங்கம் வென்ற பகதூர் சிங் சாகூ. சுமரிவாலாவும் 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓடியவர்தான். ஒரு வீரரிடமிருந்து இன்னொரு வீரருக்குப் பொறுப்பு கைமாறியிருப்பது நல்ல செய்தி.

சுமரிவாலா காலத்துக் கணக்கில் வரவு பெரிது. நீரஜ் சோப்ராவின் டோக்கியோ தங்கம், பாரிஸ் வெள்ளி, 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தடகளத்தில் மட்டும் 29 பதக்கங்கள். ஊக்கமருந்துப் பிரச்சினை மட்டும் தீராமல் சாகூவின் மேஜைக்குப் போயிருக்கிறது.

தலைவர் மாறினால் தலைப்புச் செய்தி. ஆனால் பதக்கம் கைநழுவும் நேரத்தில் களத்தில் நிற்பவர்கள், அணியோடு போகும் நிர்வாகிகளான மேனேஜர்கள். ஹாங்சோவில் 100 மீட்டர் தடை ஓட்ட இறுதியில் சீனாவின் வூ யானி முன்கூட்டியே கிளம்பினார். அவரோடு சேர்த்து நம் ஜோதி யாராஜியையும் வெளியேற்றப் பார்த்தார்கள். ஜோதி விடாமல் வாதாடினார், இந்தியத் தரப்பும் ஆட்சேபம் தெரிவித்தது. இருவரும் ஓடினர். பிறகு வூ தகுதிநீக்கம் செய்யப்பட, மூன்றாவதாக வந்த ஜோதிக்கு வெள்ளி கிடைத்தது. எல்லா முறையீடும் பலிப்பதில்லை. 2018 ஜகார்த்தாவில் புதுக்கோட்டை கோவிந்தன் லட்சுமணன் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தும், உள்கோட்டைத் தாண்டிக் கால் வைத்ததாகப் பதக்கம் பறிபோனது. முடிவு அறிவித்த 30 நிமிடத்துக்குள் ஆட்சேபம் சொல்லியாக வேண்டும் என்பது விதி. அந்த அரை மணி நேரத்தில் விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்க முடியாது. தெரிந்தவர் அருகில் இருக்க வேண்டும்.

உள்ளூர் அணிகளுக்கும் அப்படி ஒருவர் தேவை. நம் தாம்பரம் பக்கம் வருவோம். 2019இல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு பிரிந்தபோது தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பிள்ளைகளின் மாவட்டமே மாறியது. என்ட்ரி படிவத்தில் எந்த மாவட்டம் என்று எழுதுவதிலேயே மேனேஜரின் வேலை தொடங்கிவிடுகிறது. பிறப்புச் சான்றிதழைப் பார்த்து 16 வயதுப் பிரிவா, 18 வயதுப் பிரிவா என்று உறுதி செய்ய வேண்டும். விடியற்காலை மின்சார ரயிலில் ஏற்றி, பார்க் ஸ்டேஷனில் இறக்கி, நேரு ஸ்டேடியத்தில் சேர்க்க வேண்டும். செஸ்ட் நம்பருக்கு ஊக்கு தேடித் தர வேண்டும். ரிலேவில் யார் முதல், யார் கடைசி என்ற பட்டியலை, முதல் அழைப்புக்கு ஒரு மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டும். அழைப்பு அறைக்கு (கால் ரூம்) வரப் பிந்தினால் ஓராண்டுப் பயிற்சி வீண்.

பள்ளி, மாவட்ட அளவில் இதையெல்லாம் பெரும்பாலும் ஒரே ஒரு உடற்கல்வி ஆசிரியரோ சங்கச் செயலாளரோதான் சுமக்கிறார். அவர் ஓய்வு பெறும் நாளில் சால்வை போர்த்துகிறோம், குரூப் போட்டோ எடுக்கிறோம். யாருடைய சான்றிதழ் எந்த ஃபைலில் இருக்கிறது, எந்தப் பையனின் தொடைத் தசை போன வருடம் பிடித்துக்கொண்டது என்று யாரும் கேட்டு எழுதி வைப்பதில்லை. அடுத்த மீட்டில் ஒரு பெயர் விட்டுப்போன பிறகுதான் அவர் அருமை தெரிகிறது.

டெல்லியில் யார் எப்போது போக வேண்டும் என்பதைச் சட்டம் முடிவு செய்கிறது. கீழே, போகிறவரிடமிருந்து கற்றுக்கொள்ள ஆள் இருக்கிறதா என்பதே கேள்வி. மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அணி நிர்வாகத்துக்கென்று ஒரு குறுகிய காலப் பயிற்சியை அது நம் பகுதி ஆசிரியர்களுக்கு நடத்தலாம். மாவட்ட அணி எங்கே போனாலும் மேனேஜரோடு ஓர் இளைய உதவி மேனேஜரையும் அனுப்பலாம். பள்ளி நிர்வாகங்களுக்கும் மாவட்டச் சங்கங்களுக்கும் ஒரே வேண்டுகோள்: உங்கள் மூத்த மேனேஜர் ஓய்வு பெற ஓராண்டு இருக்கும்போதே, அடுத்தவரை அவர் பக்கத்தில் நிறுத்துங்கள்.