வீட்டுக்கு அனுப்பப்பட்ட மாணவன்

கர்தினால் ஜான் ஹென்றி நியூமனைத் திருத்தந்தை பதினான்காம் லியோ 2025 நவம்பர் 1ஆம் நாள் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தபோது, பல்கலைக்கழகக் கல்வியைப் பற்றி அவர் டப்ளினில் ஆற்றிய சொற்பொழிவுகளைப் பலரும் நினைவுகூர்ந்தனர். அவர் ஒரு நாவலாசிரியரும் ஆவார் என்பதை நினைத்தவர் சிலரே. 1848இல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்த 'இழப்பும் ஆதாயமும்' என்னும் அந்நாவலை மனமாற்றக் கதையாகப் படிப்பதே வழக்கம். நாம் அதனை ஒரு கல்லூரிக் கதையாகப் படித்துப் பார்ப்போம். கிறிஸ்தவக் கல்லூரியில் பயிலும் ஒருவன் எப்போது அங்கே உரிமையுள்ளவனாக உணர்கிறான், எப்போது அந்நியனாகிறான் என்பதே இக்கோணத்தில் நூலின் உயிர்நாடி.

சார்லஸ் ரெடிங் ஆங்கிலிக்கன் குரு ஒருவரின் மகன். ஆக்ஸ்போர்டில் பயில்கிறான். அந்நாளில் அங்கே சேர வருவோர் அச்சபையின் 39 கோட்பாடுகளுக்குக் கையொப்பமிட வேண்டும். ஆகவே ஏட்டளவில் எல்லாரும் ஒரே விசுவாசத்தினர். எனினும் சார்லசின் உள்ளத்தில், மெய்யான திருச்சபை எது என்னும் ஐயம் மெல்ல முளைக்கிறது. அதை எவரிடம் கொண்டு செல்வது?

வின்சென்ட் என்னும் பயிற்றாசிரியர் மாணவரைக் காலை விருந்துக்கு அழைக்கிறார். மேசையில் பண்டங்களுக்குக் குறைவில்லை, பேச்சுக்குத்தான் பஞ்சம். எக்கட்சியிலும் சேராதே என்று சார்லசுக்கு அறிவுரை கூறும் அவர், அவனை அலைக்கழிக்கும் கேள்வியைத் தொடுவதே இல்லை. நகைச்சுவை ததும்பும் பகுதி இது. ஆனால் விருந்து படைத்துவிட்டால் மாணவரை அரவணைத்தாயிற்று என்று நிறைவுகொள்ளும் எந்நாட்டுக் கல்லூரிக்கும் இது உறைக்கும்.

பின்னர் வருகிறார் துணைத்தலைவர் ஜென்னிங்ஸ். கல்லூரிக்கு வெளியே அறையெடுத்துத் தங்க வழக்கமான அனுமதி கேட்டு வருகிறான் சார்லஸ். அவரோ கத்தோலிக்கப் போதனைகளைப் பற்றித் துருவித் துருவி வினவுகிறார். அவன் எக்குற்றமும் செய்யவில்லை. எவரையும் தன் பக்கம் இழுக்கவுமில்லை. ஆயினும் மற்ற மாணவர் கெட்டுவிடுவர் என அஞ்சி, வீட்டிலிருந்தே தேர்வுக்குப் படிக்குமாறு அனுப்பிவிடுகிறார். சந்தேகம் என்னும் நோய்க்கு மருந்தாக நோயாளியையே அப்புறப்படுத்துகிறது கல்லூரி.

இங்கேதான் நாவலின் குறையும் தென்படுகிறது. ஜென்னிங்சை நியூமன் எளிதில் எள்ளி நகையாடத்தக்கவராகப் படைத்துவிட்டார். பெற்றோரை நம்பவைத்துப் பிள்ளைகளை ஏற்றுக்கொண்ட ஒருவரின் அச்சத்தில் நியாயமும் உண்டு. நல்ல எண்ணமுள்ள தலைவர் ஒருவரே அதே தவற்றைச் செய்வதாகக் காட்டியிருந்தால் கதை இன்னும் ஆழமாக இறங்கியிருக்கும். இறுதியில் பற்பல சமயக் குழுவினர் சார்லசின் லண்டன் அறைக்கு ஒருவர்பின் ஒருவராக வந்து நிற்பதும் சிரிப்பூட்டத் தொடங்கிப் பின் சலிப்பூட்டுகிறது. தாயும் தமக்கை தங்கையரும் நிழல்களாகவே நின்றுவிடுகின்றனர்.

கார்ல்ட்டன் என்னும் பாத்திரமோ இக்குறைகளையெல்லாம் ஈடுசெய்கிறது. விடுமுறையில் சார்லசுக்குப் பாடம் சொல்லித்தருகிறார், உடன் உலாவுகிறார், அவன் ஐயங்களைப் பொறுமையாகக் கேட்கிறார், மறுத்தும் பேசுகிறார். கத்தோலிக்கத் திருச்சபை பக்கம் ஓரடியும் அவர் நகர்வதில்லை. இருந்தும் ஆக்ஸ்போர்டை விட்டு நீங்குமுன் சார்லஸ் தேடிச் செல்வது அவரைத்தான். தன்னோடு உடன்படாத ஒருவரிடம் மாணவன் உண்மையைச் சொல்லத் துணிகிறானே, அதுவன்றோ உரிமையுணர்வு! புதியவரை வரவேற்கும் விழாக்களாலும் வண்ணத் தோரணங்களாலும் அது வந்துவிடாது.

இவ்வெழுத்தின் பின்னே நியூமனின் பட்டறிவு இருக்கிறது. 1826இல் ஓரியல் கல்லூரியில் பயிற்றாசிரியரான அவர், அப்பணியை ஆன்மாக்களைப் பேணும் மேய்ப்புப் பணியாகவே கருதினார். கல்லூரித் தலைவர் ஹாக்கின்ஸ் அதனை ஏற்கவில்லை. 1830இல் புதிய மாணவரை அவரிடம் அனுப்புவதை நிறுத்திக்கொண்டார். 1854இல் டப்ளினில் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது, மாணவர் சிறு சிறு இல்லங்களில் வாழ ஏற்பாடாயிற்று. அவற்றுள் ஒன்றை நியூமன் தாமே பொறுப்பேற்று நடத்தினார். அங்கே கட்டுப்பாடு போதாதெனப் பேராயர் கல்லன் குறைகூறினார். நாவலில் ஜென்னிங்சை எழுதியவர், அதிபரான பின்னும் ஜென்னிங்சாக மாறவில்லை என்பதற்கு இக்குற்றச்சாட்டே நற்சான்று.

நம் கத்தோலிக்கக் கல்லூரிகளில் பயிலும் பிள்ளைகளுள் பெரும்பாலோர் பிற சமயத்தினர். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவரும் பலர். அவர்களுடைய தவிப்பு சார்லசின் தவிப்பன்று. கட்டணம், ஆங்கிலப் பாடம், சாதிப் பெயரைத் தூண்டிக் கேட்கும் விடுதித் தோழன் என அது வேறு வடிவம் கொள்கிறது. நியூமனின் நாவலில் ஏழை மாணவனுக்கு இடமே இல்லை. அவனைப் பற்றி அறிய நாம் வேறு நூல்களைத்தான் நாட வேண்டும். எனினும் வின்சென்ட்டின் மேசையும் ஜென்னிங்சின் கதவும் நம் விடுதிகளுக்குப் புதியவை அல்ல.

நாவலின் முடிவில் பாடுகளின் சபையாரின் சிற்றாலயத்தில் சார்லஸ் அமைதி காண்கிறான். முன்னமே கத்தோலிக்கராகிவிட்ட பழைய கல்லூரித் தோழன் வில்லிஸை அங்கே துறவியாகச் சந்திக்கிறான். சார்லஸ் காலிசெய்த அறையில் அடுத்துக் குடிவந்த மாணவன் யாரிடம் மனம்விட்டுப் பேசினான் என்பதை நியூமன் எழுதவில்லை.