சரிகை நடுங்காத வித்தை

ஒருகாலத்தில், டொரொண்டோவில் நடந்த கல்யாணத்தின் வீடியோ கேசட், யாழ்ப்பாணத்து வீட்டு டெக்குக்குள் ‘களக்’கென்று இறங்கும். படமோ நிறமிழந்து மேலும் கீழுமாக உருளும். அப்போது அங்கே தொலைக்காட்சி முறை என்டிஎஸ்சி, இங்கே பால் (குடிக்கிற பாலல்ல); இரண்டுக்கும் வெவ்வேறு தாளம். அதைப் பிசிறில்லாமல் மாற்றித் தருபவரின் கைவேலையை யாரும் கவனித்ததில்லை. வேலை சுத்தமாக அமைந்தால் கவனிக்க அங்கே ஒன்றுமே இருக்காது.

படத்தில் ஐந்து கோடுகள் இருந்த இடத்தில் ஆறு வேண்டும். நொடிக்கு 60 அரைப்படங்கள் 50-க்குள் அடங்க வேண்டும். மிச்சம் பத்தை வீசிவிடலாமே என்று தோன்றும். வீசினால் மணப்பெண்ணின் தலை வெட்டி வெட்டித் திரும்பும். பக்கத்துப் படங்களைக் குழைத்தாலோ, அட்சதை தூவும் கைக்குப் பின்னால் ஆவிபோல இன்னொரு கை. தேர்ந்தவர் அசைவின் போக்கைப் பின்தொடர்ந்து, அந்தக் கணத்தில் கை எங்கே இருந்திருக்கும் என்று கருவியைக் கணிக்கவைக்கிறார். பிறகு கூறைச்சேலையின் சரிகைமேல் கண்வைத்துப் பொறுமையாகக் காத்திருக்கிறார். மெல்லிய குறுக்குக் கோடுகள்தான் முதலில் நடுங்கும். எனக்கும் அந்தச் சரிகைதான் பரீட்சை. அது அசையாமல் மின்னுகிறது. நாதஸ்வரம் சுருதி பிசகாமல் எழுகிறது. அம்மம்மா திரைக்குக் கிட்டப் போய், “பெட்டை மெலிஞ்சுபோனாள்” என்கிறா.