குறியீடும் பொருளும்: யூ.எம்.எல். கற்பிக்கும் நூல்கள் பற்றி

மென்பொருள் ஒன்றினை ஆக்கத் தொடங்குமுன், அதன் உறுப்புகள் யாவை, அவை தம்முள் எவ்வாறு இயைந்து தொழிற்படும் என்பவற்றைப் படங்களால் வரைந்து காட்டும் குறியீட்டு முறையே யூ.எம்.எல். எனப்படும் ஒருங்கிணைந்த மாதிரியாக்க மொழியாகும். கிறேடி பூச், ஜேம்ஸ் றம்போ, ஐவர் ஜேக்கப்சன் ஆகிய மூவரும் முன்னர்த் தனித்தனியே வகுத்த முறைகளை ஒன்றாக்கியமையால் இது தோன்றிற்று. ஓ.எம்.ஜி. என்னும் தர நிர்ணய அமைப்பு 1997ஆம் ஆண்டு நவம்பரில் இதனை ஏற்றுக்கொண்டது. 2005இல் இரண்டாம் பதிப்பு வந்தது. 2017இல் வெளியான 2.5.1ஆம் பதிப்பு பதினான்கு வகைப் படங்களை விதித்துரைக்கின்றது. அவ்விதிநூல் ஏறத்தாழ எண்ணூறு பக்க அளவினது. அதனைத் தொடக்க மாணாக்கன் நேரே கற்றல் இயலாது. ஆதலின் வழிகாட்டி நூல்கள் பல எழுந்தன. அவற்றுள் நல்லன எவை, அவற்றை நல்லன ஆக்குவது யாது என்பதே இங்கு ஆராயப்படுவது.

நூலுக்கும் உரைக்கும் உள்ள தொடர்பு நமக்குப் புதிதன்று. நன்னூலுக்கு விருத்தியுரையும் உண்டு; காண்டிகையுரையும் உண்டு. நாவலரவர்கள் செய்த காண்டிகையுரை கையிற் கிடைத்த மாணாக்கன் விருத்தியுரையை அஞ்சவேண்டியதில்லை. ஆனால், காண்டிகை என்பது விருத்தியைக் கத்தரித்த துண்டு அன்று. கற்போனுக்கு இப்பொழுது வேண்டியது இது, பின்னர்ப் பார்க்கத்தக்கது இது எனத் துணிந்து தெரிந்தெடுத்தலே அதன் உயிர். யூ.எம்.எல். வழிகாட்டிகள் பல இத்துணிவில்லாதவை. பதினான்கு படங்களுக்குப் பதினான்கு அதிகாரங்கள் வகுத்து, ஒவ்வொன்றிலும் குறியீடுகளை நிரல்படுத்தி, ஒரு பெட்டிக்கு ஒரு வாக்கியம் வீதம் பெயர் கூறிச் செல்கின்றன. இவை அகராதிகளேயன்றி உரைகள் அல்ல. நன்னூலார் பத்து நூற்குற்றங்களுள் வைத்தெண்ணும் மிகைபடக் கூறலும் குன்றக் கூறலும் ஒரே நூலில் ஒருங்கே நிகழக் காணவேண்டின் இவற்றைப் பார்க்கலாம்: குறியீடு மிகுகின்றது, பொருள் குன்றுகின்றது.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். பாடசாலை நூலகமொன்றிற்கு வகுப்பு வரைபடம் வரைகின்றோம் எனக் கொள்க. மாணாக்கன் என ஒரு பெட்டி, நூல் என ஒரு பெட்டி, இடையே ஒரு கோடு. அகராதி முறை நூலைக் கற்றவன் இத்துடன் அமைவான். ஆயின், நூலகத்தில் ஒரே நூலின் படிகள் ஐந்து இருப்பின், மாணாக்கன் எடுத்துச் செல்வது நூலையா, படியையா? படியையே. ஆகவே படி என்பதற்குத் தனிப் பெட்டி வேண்டும். ஒரு நூலுக்குப் படிகள் பல. இனி, மாணாக்கனுக்கும் படிக்கும் இடையிலுள்ள கோட்டின் முனைகளில் எண்ணளவு குறித்தல் வேண்டும். ஒருவன் ஒரே வேளையில் இரண்டு படிகள் வரை வைத்திருக்கலாம் எனின், அவ்விரண்டு படியின் பக்கத்து முனையில் எழுதப்படும். மாணாக்கன் பக்கத்தில் அன்று. தொடங்குவோருட் பலர் இடம் மாற்றி எழுதும் இடம் இது. மாணாக்கன் பக்கத்து முனையில் ‘0..1’ என வரும். ஒரு படி ஒரு வேளையில் ஒருவனிடமே இருக்கும், அல்லது எவனிடமும் இல்லாதிருக்கும் என்பது அதன் பொருள்.

இங்கேதான் நல்லாசிரியன் மேலும் ஒரு வினா எழுப்புகின்றான். ‘ஒரு வேளையில்’ என்றது எவ்வேளை? இப்படியின் பக்கங்கள் கிழிந்துள்ளன, சென்ற தவணையில் இதனை இரவல் பெற்றவர் யாவர் என நூலகர் கேட்பின், மேற்கூறிய படம் விடை தாராது. அப்படத்தை நம்பி நிரலாளன் ஆக்கிய மென்பொருள், படி மீள வந்தவுடன் முன்னவன் பெயரை அழித்துவிட்டிருக்கும். நிரலாளன்மீது பிழையில்லை, படம் கூறியதை அவன் செய்தான். பழைய இரவலும் அறியப்படவேண்டுமெனின், இரவல் என்பதே ஒரு பெட்டியாகி, கொடுத்த நாளும் மீண்ட நாளும் அதனுட் புகவேண்டும். கோட்டின் முனையில் நின்ற சிறியதோர் எண், நூலகரின் வினா மாறியவுடன் பொய்யாகிவிட்டது. ஒவ்வொரு குறியும் உலகத்தைப் பற்றிய ஓர் உறுதிமொழி என்பதை இவ்வாறு உணர்த்தாத நூலைக் கற்று, பதினான்கு படங்களையும் பிழையற வரைபவனைவிட, இரண்டு படங்களை இவ்வாறு வினாவிக் கற்றவனே பயன்படுவான்.

அம்புக்குறிகளைக் கற்பிக்கும் முறையும் நூலின் தரத்தைக் காட்டிவிடும். பிள்ளை வகுப்பிலிருந்து பெற்றோர் வகுப்பை நோக்கி அம்பு செல்லும் என்பது ஒரு விதி. நூல் இரவல் பெறல் என்னும் பயன்பாட்டிலிருந்து, அதனுள் அடங்கும் அங்கத்துவம் சரிபார்த்தல் என்பதை நோக்கி இன்குளூட் அம்பு செல்லும் என்பது மற்றொன்று. நூலை மீளளித்தல் தாமதமாயின் தண்டம் அறவிடல் நிகழும். ஆயினும் எக்ஸ்டெண்ட் அம்பு தண்டம் அறவிடலிலிருந்து மீளளித்தலை நோக்கிப் பின்னோக்கிச் செல்லும் என்பது இன்னொன்று. மாணாக்கர் மயங்குவது இம்மூன்றாவதிலேயே. முன்னர் நிகழ்வதிலிருந்து பின்னர் நிகழ்வதற்கு அம்பு செல்லுமென அவர்கள் இயல்பாக எண்ணுகின்றனர். இவற்றைத் தனித்தனி விதிகளாக மனனஞ் செய்விக்கும் நூல்கள் உள. மூன்றிற்கும் அடிப்படை ஒன்றே: எது மற்றொன்றை அறிந்து நிற்கின்றதோ, அதிலிருந்தே அம்பு புறப்படும். பெற்றோர் வகுப்பு தன் பிள்ளைகளை அறியாது. பிள்ளையே பெற்றோரை அறியும். மீளளித்தல் என்பது தண்டத்தை அறியாமலே முழுமை பெற்று நிற்கும். தண்டமே அதனைச் சார்ந்தது. இவ்வொன்றைக் கூறிவிட்டால் மனனஞ் செய்தற்கு எதுவும் எஞ்சாது.

வெற்றுச் சாய்சதுரத்தைப் பற்றி இங்குக் கூறாது விடுதல் இயலாது. முழுமைக்கும் உறுப்பிற்கும் உள்ள தொடர்பைக் காட்ட இரு சாய்சதுரங்கள் உள. நிறந்தீட்டிய சாய்சதுரம் பொருளுடையது: உறுப்பு ஒரு வேளையில் ஒரு முழுமைக்கே உரியது, முழுமை அழியின் உறுப்பும் அதனோடு அழிதலே பொதுவிதி. வெற்றுச் சாய்சதுரத்தின் பொருளோ, அதனை ஆள்வோர்க்கும் துறைக்கும் ஏற்ப வேறுபடும் என்று விதிநூலே கைவிட்டுவிடுகின்றது. விதித்தவரே வரையறுக்காத வேறுபாட்டை வினாத்தாளில் இட்டு, ‘வகுப்பறைக்கும் கதிரைக்கும் எச்சாய்சதுரம்?’ எனக் கேட்டுப் புள்ளி குறைப்பது நீதியன்று. ஆயினும் அவ்வாறு கேட்கப்படுகின்றது. வழிகாட்டிகள் பலவும் உறுதியான விடையொன்றைக் கற்பித்து அதற்குத் துணைபோகின்றன. மயங்க வைத்தல் என்னுங் குற்றத்திற்கு இதனினும் நல்ல உதாரணம் வேண்டுமோ?

இக்குறையைத் துணிந்து கூறியவர் மார்ட்டின் பௌலர். 1997இல் முதன்முதல் வந்து, 2003இல் மூன்றாம் பதிப்புக் கண்ட ‘யூ.எம்.எல். டிஸ்டில்ட்’ என்னும் அவரது சிறுநூல், வெற்றுச் சாய்சதுரத்தை உங்கள் படங்களில் ஆளாதீர்கள் என்றே அறிவுறுத்துகின்றது. யூ.எம்.எல்.லைக் குறிப்போவியமாகவும், முழுமையான கட்டுமானப் படமாகவும், நிரன்மொழியாகவும் மூவகையில் ஆளலாமென அது பகுத்து, முதல் வகையையே தான் விரும்புவதாகவும் ஒளியாது கூறுகின்றது. நூலின் அமைப்பும் சிறப்புடையது. வகுப்பு வரைபடத்தின் இன்றியமையாத பகுதியை மட்டும் ஓர் அதிகாரத்திற் கூறி, உடனே தொடர்முறை வரைபடத்திற்குச் சென்று, அதன் பின்னரே வகுப்பு வரைபடத்தின் நுண்பகுதிகளுக்கு மீளுகின்றது. எனினும் குறை இல்லாமலில்லை. ஜாவா போன்ற நிரன்மொழியும் பொருள்நோக்குச் சிந்தனையும் முன்னரே அறிந்தவர்க்கே அது எழுதப்பட்டது. எடுத்துக்காட்டுகளும் அதிகாரத்திற்கு அதிகாரம் மாறுகின்றன. நிலைமாற்றப் படத்தை விளக்க, மெழுகுதிரியை அகற்றினாற் பூட்டுத் தோன்றும் மாளிகை அறையொன்றைக் கற்பனை செய்திருக்கின்றார். சுவையானதுதான், ஆயினும் அடுத்த அதிகாரத்தில் அம்மாளிகையைக் காணோம்.

அக்குறையைக் கிரெய்க் லார்மன் நிறைக்கின்றார். ‘அப்ளையிங் யூ.எம்.எல். அண்ட் பற்றேர்ண்ஸ்’ என்னும் அவரது நூலின் மூன்றாம் பதிப்பு 2004இல் வந்தது. கடையொன்றின் விற்பனைப் பதிவுப் பொறி, மொனொப்பொலி விளையாட்டு என்னும் இரண்டையே அது தொடக்கமுதல் ஈறுவரை பின்தொடர்கின்றது. கடையிற் கண்ட ‘விற்பனை’ என்னும் கருத்து, பின்னர் மென்பொருளின் வகுப்பாக மாறும்போது எதனைப் பெறுகின்றது, எதனை இழக்கின்றது என்பதை மாணாக்கன் கண்முன்னே காண்கின்றான். ஆனால் எழுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அந்நூலிற் குறியீடுகள் ஆங்காங்கே சிதறிக் கிடக்கின்றன. ஐயம் எழுந்தபோது புரட்டிப் பார்த்தற்கு அது உதவாது.

மூவரும் சேர்ந்து 1999இல் வெளியிட்ட ‘யூசர் கைட்’ பற்றிச் சுருங்கக் கூறலாம். நூலாசிரியரே உரையாசிரியராதல் நம்மிடத்தும் உண்டு; இலக்கணக்கொத்து அதற்குச் சான்று. ஆனால், தாம் பெற்ற குறிகளுள் எதனையும் விட்டுவிடுக என்று கூற இம்மூவர்க்கும் மனம் வரவில்லை. எல்லாவற்றையும் ஒரே அன்போடு விளக்குகின்றனர். ஒவ்வொரு அதிகாரத்தின் ஈற்றிலும் வரும் அறிவுரைக் குறிப்புகள் பயனுடையவை. ஆசிரியர்கள் அவற்றை மட்டும் படித்தாலும் நட்டமில்லை.

எனவே மாணாக்கன் கையிற் கொடுக்கத்தக்கது பௌலரின் மூன்றாம், நான்காம் அதிகாரங்கள். அவற்றோடு, லார்மனின் கடையை முதலிலிருந்து ஒருமுறை நடந்து பார்த்தல். இந்நூல்கள் 2.5ஆம் பதிப்பிற்கு முந்தியன என்பது உண்மையே. ஆயினும் முதற்பதிப்புக் காலத்து நூல்களோடு ஒப்பிடின் இவற்றிற்கு வந்த பழுது சிறிது. முன்னைய கூட்டியக்கப் படம் இரண்டாம் பதிப்பில் தொடர்பாடற் படமெனப் பெயர் மாறிற்று. செயற்பாட்டுப் படத்தின் அடிப்படையே மாறிற்று. 2003க்கு முற்பட்ட வழிகாட்டி நூலகத்தில் இருப்பின், செயற்பாட்டுப் படம் பற்றிய அதிகாரத்தில் ஒரு துண்டுக் கடதாசி ஒட்டி, இதனை நம்பற்க என எழுதிவைத்தல் நன்று.